அல்கோரிதமா, சிக்கல்தன்மையா, சேர்மானவியலா: ஐந்து நாள் செயலமர்வில் எந்த அறைக்குப் போவது?

"சேர், படிவத்தில் ஒரு பிரிவைத்தான் குறிக்கலாமாம். அப்பா அல்கோரிதத்தைக் குறி, வேலைக்கு உதவும் என்கிறார். எனக்குச் சேர்மானக் கணக்குகள் பிடிக்கும். சிக்கல்தன்மை என்றால் என்னவென்றே விளங்கவில்லை. எதைக் குறிக்க?"

திருகோணமலையில் நடக்கவிருக்கும் ஐந்து நாள் கணினிக் கோட்பாட்டுச் செயலமர்வின் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி, மூதூரிலிருந்து, உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவி அனுப்பிய செய்தி இது. அல்கோரிதம், சிக்கல்தன்மை, சேர்மானவியல் என்று அதில் மூன்று பிரிவுகள். இரண்டு கிழமைக்குள் இதே கேள்வியை வேறு நாலைந்து பேரும் கேட்டுவிட்டார்கள். உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதும் ஓர் இளைஞர், கிண்ணியாவில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதை விட எல்லோருக்குமாக ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இப்படியான செயலமர்வுகள் எங்கு நடந்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். காலையில் விரிவுரை, பிற்பகலில் வினாத்தாளோடு குழுக்களாக உட்காருதல், கடைசி நாளில் இன்னும் தீராத கேள்விகளைப் பற்றிய ஓர் அமர்வு. ஒவ்வொரு பிரிவும் முதல் நாள் சொன்னதன் மேல்தான் இரண்டாம் நாளைக் கட்டும். ஆகவே "இன்று இங்கே, நாளை அங்கே" என்று அறை மாறி உட்கார்ந்தால் மூன்றிலும் பாதி விளங்காது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

என் அளவுகோல்கள் ஐந்து.

முதலாவது, உள்ளே நுழைய என்ன தெரிந்திருக்க வேண்டும். அறிவித்தலில் "முன்னறிவு தேவையில்லை" என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டாவது, ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்குப் போகும்போது கையில் உருப்படியாக என்ன இருக்கும். மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு. பஸ் காசும் சாப்பாடும் எல்லோருக்கும் ஒன்றுதான்; நான் சொல்வது, போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும் விலையை. நான்காவது, செயலமர்வு முடிந்து வந்தவர்கள் கொழும்புக்கும் பேராதனைக்கும் திரும்பிய பிறகு, திருகோணமலையில் இருந்துகொண்டே அந்தத் துறையைத் தொடர முடியுமா.

ஐந்தாவதுக்குத்தான் நான் அதிக நிறை கொடுப்பேன்: அந்த அறையில் நீங்கள் எந்த விதமாகத் திணறுவீர்கள்? மூன்று துறையிலும் ஆள் திணறத்தான் வேண்டும். ஆனால் திணறலின் சுபாவம் வேறு வேறு. ஒருவருக்குத் தாங்கக்கூடிய திணறல் இன்னொருவரை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

வேலைவாய்ப்பை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. ஐந்து நாளில் எந்தப் பிரிவும் எவருக்கும் வேலை வாங்கித் தராது. மாணவியின் தந்தை இதை வாசித்தால் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

## ஒரு லொறி, மூன்று கேள்விகள்

பிரிவுகளின் வேறுபாட்டை வரைவிலக்கணம் சொல்லி விளக்குவதை விட ஒரு லொறியைக் காட்டி விளக்குவது சுலபம். நகரத்தில் ஒரு களஞ்சியம். பிஸ்கட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டு, எல்லாக் கடைக்கும் ஒரு தடவை போய், களஞ்சியத்துக்கே திரும்ப வேண்டும். களஞ்சியத்தோடு மொத்தம் 20 இடங்கள். மிகக் குறைந்த தூரத்தில் எப்படிச் சுற்றுவது?

போகக்கூடிய ஒழுங்குகளை எல்லாம் எழுதிப் பார்ப்பதென்றால் 19 காரணியத்தின் (1 முதல் 19 வரை எல்லா எண்களின் பெருக்கத்தின்) பாதி, ஏனெனில் ஒரு சுற்றை எதிர்த்திசையில் போனாலும் தூரம் ஒன்றுதான்: 60,822,550,204,416,000. விநாடிக்குப் பத்து இலட்சம் ஒழுங்குகளைச் சரிபார்க்கும் கணினிக்கு இது 1,900 ஆண்டுக்கு மேற்பட்ட வேலை.

இதைப் பார்த்ததும் அல்கோரிதக்காரர் "இதைவிடக் கெட்டித்தனமாகச் செய்ய வழி என்ன?" என்று கேட்பார். சிக்கல்தன்மைக்காரர் "எவ்வளவு கெட்டித்தனம் காட்டினாலும் ஓர் எல்லைக்கு அப்பால் போக முடியாது என்று காட்டலாமா?" என்பார். சேர்மானவியல்காரருக்கு லொறியில் அக்கறையே இல்லை. "எந்த மாதிரியான வீதி அமைப்பில் இப்படி ஒரு சுற்று இருந்தே தீரும்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இதில் எந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து முதலில் வந்திருக்கும்? அதைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

## அல்கோரிதம்

நுழைய வேண்டியது. ஏதாவதொரு நிரல் மொழியில் சுழல், பட்டியல், மீள்அழைப்பு (செயற்கூறு தன்னையே அழைப்பது) ஆகியவற்றைக் கையாண்ட பழக்கம். உயர்தரத்தில் பைதன் படித்தவருக்கு இது போதும். தொகுத்தறி முறையில் (ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்த எண்ணுக்கும் சரி என்று படிப்படியாக) நிறுவத் தெரிந்திருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

கையில் கிடைப்பது. மூன்றிலும் மிக நிறைவான அறுவடை இங்கேதான். லொறிக் கணக்கையே எடுப்போம். 1962இல் ஹெல்ட், கார்ப் என்ற ஆய்வாளர்கள் இருவர் (பெல்மன் என்பவரும் தனியாக) ஒரு வழியைக் காட்டினார்கள். எந்தெந்தக் கடைகளுக்குப் போயாயிற்று, இப்போது எந்தக் கடையில் நிற்கிறோம் என்பது மட்டுமே முக்கியம். எந்த ஒழுங்கில் வந்தோம் என்பதை மறந்துவிடலாம். அந்த ஒரே மறதியில், செய்ய வேண்டிய வேலை இடங்களின் எண்ணிக்கையை வர்க்கித்து, 2இன் அத்தனையாம் அடுக்கால் பெருக்கிய அளவுக்குக் குறைகிறது. 20 இடங்களுக்கு ஏறத்தாழ 42 கோடி படிகள். அதே கணினியில் ஏழு நிமிடம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு எங்கே, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் எங்கே! இதற்கான விலை நினைவகத்தில் விழும்: இரண்டு கோடிக்கு மேற்பட்ட இடைவிடைகளை எழுதி வைத்திருக்க வேண்டும்.

செயலமர்வு என்ற வடிவத்துக்கும் அல்கோரிதத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960இல் மொஸ்கோவில் ஒரு கருத்தரங்கில் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மொகோரோவ், இரண்டு பெரிய எண்களைப் பெருக்க நாம் பள்ளியில் படித்த முறையை விட அடிப்படையில் விரைவான முறை இராது என்ற தம் எண்ணத்தை முன்வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது மாணவர் கரட்சுபா ஒரு கிழமைக்குள் அதைப் பொய்யாக்கிவிட்டார். தந்திரம் இவ்வளவுதான். 47ஐ 23ஆல் பெருக்க நாம் நான்கு சிறு பெருக்கல் செய்வோம். அவர் மூன்றே செய்தார்: 4×2=8, 7×3=21, (4+7)×(2+3)=55. ஐம்பத்தைந்திலிருந்து எட்டையும் இருபத்தொன்றையும் கழித்தால் 26. பிறகு 800+260+21=1081. ஒரு பெருக்கல் மிச்சம். இரண்டு இலக்க எண்ணில் இது பெரிய இலாபமாகத் தெரியாது. ஆயிரம் இலக்கத்துக்கு மேல், ஒவ்வொரு பாதியிலும் பாதியிலும் இதே மிச்சத்தைப் பிடிக்கும்போது தெரியும்.

மறைந்த செலவு. பல ஆண்டுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த செயலமர்வுக்கு நானும் இந்தப் பிரிவையே குறித்துக்கொண்டு, கடன் வாங்கிய மடிக்கணினியோடு போனேன். ஐந்து நாளும் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நிரல் எழுதுவார்கள் என்று நான் நினைத்திருந்த அறையில் கரும்பலகை முழுக்க நிறுவல். "இந்த முறை வேலை செய்கிறது" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் பயிற்றுநர் "எல்லாத் தரவுக்குமா?" என்று கேட்பார். பதில் இருக்காது. இங்கே திணறல் அப்படித்தான் வரும்: விடை சரி என்று உள்மனதுக்குத் தெரியும், பத்து உதாரணத்துக்கு ஓட்டிப் பார்த்தாயிற்று, ஆனால் ஏன் சரி என்று நான்கு வரி எழுத வராது. நிரலாளர்களுக்கு இது அவமானமாகவே படும். உப்புவெளி இளைஞர் கவனிக்க.

தொடர்ச்சி. மிகச் சுலபம். இணைய இணைப்பு ஒன்று போதும். நிரல் போட்டித் தளங்கள் இரவு பகலாகத் திறந்திருக்கின்றன. ஆனால் அவை உங்கள் நிரலைத்தான் சோதிக்கும், நிறுவலை அல்ல. செயலமர்வில் பெற்ற நல்ல பழக்கத்தை மூன்றே மாதத்தில் மறக்கடிக்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு.

## சிக்கல்தன்மை

நுழைய வேண்டியது. இங்கேதான் "முன்னறிவு தேவையில்லை" என்பது அப்பட்டமான பொய். டியூரிங் இயந்திரம் (கணினியின் எளிய கணித மாதிரி), மொழி (இங்கே, குறியீட்டுச் சரங்களின் தொகுதி), ஒரு பிரச்சினையை மற்றொன்றாக உருமாற்றுதல் ஆகிய மூன்றும் காதில் ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும். விழாதவருக்கு முதல் இரண்டு நாளும் வரைவிலக்கணங்களிலேயே கரைந்துவிடும்.

கையில் கிடைப்பது. நேர்மையாகச் சொன்னால், வாசல்படி. ஆனால் என்ன வாசல்! ஏழு நிமிடத்தில் முடிந்த அந்த லொறிக்கணக்கு 60 இடங்களுக்குப் போனால், அதே முறையில், அதே கணினியில், 13 கோடி ஆண்டு ஆகும். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் விரைவாக முடிக்கும் முறையை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதாலா, அல்லது அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பதாலா? 1971இல் குக், அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் தனியாக லெவின், பிறகு 1972இல் 21 பிரச்சினைகளின் பட்டியலோடு கார்ப் ஆகியோர் காட்டியது இது: தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏராளமான பிரச்சினைகள் உள்ளே ஒன்றேதான். ஒன்றை விரைவாகத் தீர்க்க வழி கிடைத்தால் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம். எல்லாக் கடையையும் ஒரு தடவை மட்டும் தொட்டு வரும் சுற்று உண்டா என்ற கேள்வி அந்த 21இல் இருக்கிறது. பியும் (விரைவாகத் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள்) என்பியும் (விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்கக்கூடியவை) ஒன்றா என்று கேட்பது இதைத்தான். 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

தெற்காசியப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் இந்த அறையில்தான் வரும். ஓர் எண் பகாவெண்ணா என்பதை, நிகழ்தகவின் உதவியோ நிறுவப்படாத ஊகமோ இல்லாமல், பல்லுறுப்பி நேரத்தில் (இலக்கங்களின் எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்கு மேல் போகாத நேரத்தில்) சொல்லிவிடலாம் என்பதை 2002இல் நிறுவியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா. பின்னவர் இருவரும் அந்த ஆண்டுதான் இளநிலைப் பட்டப் படிப்பை முடித்தவர்கள்.

எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்தது வேறொன்று. "கடினம்" என்ற சொல்லை எங்கே வைக்கக் கூடாது என்றும் இது கற்றுத் தரும். நம் மாவட்ட வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நகரத்திலிருந்து வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடலோரமாக ஒரு வீதி. தெற்கே சீனக்குடாவைக் கடந்து கிண்ணியாப் பாலம், மூதூர் என்று இன்னொன்று. கந்தளாய்ப் பக்கம் ஒன்று, கன்னியாப் பக்கம் ஒன்று. ஒன்றிரண்டு இடத்தில் கிளைகள் சேர்ந்துகொள்வதைத் தள்ளிவிட்டால், இது ஒரு மரத்தின் வடிவம். மர வடிவ வீதிகளில் லொறிக்கணக்கு ஒரு கணக்கே அல்ல: ஒரு கிளையின் நுனி வரை போய், வழியில் எல்லாக் கடையிலும் இறக்கி, திரும்பி வந்து, அடுத்த கிளையைப் பிடிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு வீதித் துண்டிலும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அதைவிடக் குறைக்க எவராலும் முடியாது. உலகத்தையே திணறடிக்கும் பிரச்சினையை நம் ஊர் லொறிச் சாரதி ஒரு நாளும் திணறாமல் தீர்ப்பதன் காரணம் இதுதான். அவருடைய கெட்டித்தனத்தைக் குறைத்துச் சொல்லவில்லை; கடற்கரையும் அவருக்குக் கை கொடுக்கிறது.

மறைந்த செலவு. இங்கே திணறல் கேள்விக்கு விடை வராததால் வருவதில்லை. கேள்வியே விளங்காததால் வரும். மூன்றாம் நாள் காலை வரை, அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, எனக்கு மட்டும் இல்லை என்றே தோன்றும். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, துறையின் பெரிய முடிவுகளில் பல "இந்த வழியால் முடியாது" என்று சொல்பவை. பியையும் என்பியையும் பிரித்துக் காட்ட, வழக்கமான சில உத்திகள் ஒருபோதும் போதா என்று 1975இல் பேக்கர், கில், சொலோவே காட்டினார்கள். முடியாமையைப் பற்றிய நிறுவலின் முடியாமை! சிலருக்கு இது போதை. சிலருக்கு வெறுப்பு.

மொழியும் இங்கே கூடுதல் விலை கேட்கும். விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மற்ற இரண்டு அறையிலும் படத்தையும் எண்களையும் பார்த்து ஒப்பேற்றிவிடலாம். சிக்கல்தன்மையில் "உண்டு", "எல்லாவற்றுக்கும்", "குறைந்தது ஒன்று" ஆகியவை வாக்கியத்தில் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதே பொருளை மாற்றிவிடும். தமிழ்மூலம் படித்த பிள்ளைகள் பின்னேரக் குழுவில் ஒவ்வொரு வரைவிலக்கணத்தையும் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். வெட்கப்படாமல்.

தொடர்ச்சி. கடினம். இந்தியாவின் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தின் விரிவுரைகளை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கூடவே இருந்து "நீ சொன்னது பிழை" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இங்கே அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. துணையாக ஒருவரையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தால் நல்லது.

## சேர்மானவியல்

நுழைய வேண்டியது. இணைந்த கணிதத்தில் படித்த வரிசைமாற்றம், சேர்மானம், ஈருறுப்பு விரிவு, தொகுத்தறி. இவையே போதும். அதுகூட இல்லாமல், பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நன்றாகச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கையில் கிடைப்பது. சில முழுமையான நிறுவல்கள், உங்கள் சொந்தக் கையெழுத்தில். முதல் நாள் தேநீர் வேளையிலேயே ஒன்று கிடைத்துவிடும். ஆறு பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரையொருவர் முன்பே அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். ஏன்? அறுவரில் ஒருவரைப் பிடியுங்கள். மிச்சம் ஐந்து பேர்; ஒவ்வொருவரும் அவருக்கு அறிந்தவர் அல்லது அறியாதவர். ஐந்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் குறைந்தது மூவர் விழுவர். அறிந்த பக்கம் மூவர் என்று வைப்போம். அந்த மூவருக்குள் எந்த இருவராவது ஒருவரையொருவர் அறிந்திருந்தால், நாம் பிடித்தவரோடு சேர்ந்து மூவர் ஆயிற்று. எந்த இருவரும் அறியாதவர் என்றால் அந்த மூவரே அறியாத மூவர். மறுபக்கமும் இப்படியே. முடிந்தது.

ஐந்து பேரை இரண்டாகப் பிரித்தபோது பயன்பட்டதைப் புறாக்கூட்டுத் தத்துவம் என்பார்கள்: கூடுகளை விடப் புறாக்கள் கூடினால் ஏதாவதொரு கூட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கும். (நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் இருக்கும் புறாக்கள் கூட்டில் அடைவதில்லை, பாறை இடுக்கில்தான். தத்துவத்துக்கு அதனால் பாதகமில்லை.)

மூவருக்குப் பதில் நால்வர் வேண்டுமென்றால் 18 பேர் வேண்டும். இது 1955இல் நிறுவப்பட்டது. ஐவர் வேண்டுமென்றால்? 43க்கும் 46க்கும் இடையில் என்பது வரைதான் மனித குலத்துக்குத் தெரியும். தேநீர் வேளையில் தொடங்கிய கேள்வி, மூன்றே படியில் எவரும் அறியாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. வேறெந்தத் துறையிலும் உயர்தர மாணவி ஒருவர் இவ்வளவு சீக்கிரம் ஓரத்துக்கு வந்து நிற்க முடியாது.

நம் லொறிக்கும் இந்த அறையில் ஒரு பதில் உண்டு. 1952இல் கணிதவியலாளர் கேபிரியல் டிராக் நிறுவியது: இடங்கள் மூன்றுக்குக் குறையாமல் இருந்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் மொத்த இடங்களில் பாதிக்குக் குறையாதவற்றுக்கு நேரடி வீதி இருந்தால், எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டு வரும் சுற்று இருந்தே தீரும். பத்து ஊர், ஒவ்வொன்றிலிருந்தும் வேறு ஐந்துக்கு நேர்வழி என்றால் கவலையில்லை. (இவர் புகழ்பெற்ற பௌதிகவியலாளர் போல் டிராக்கின் வளர்ப்பு மகன்.)

மறைந்த செலவு. வெற்றுத்தாள். அல்கோரிதத்தில் குறைந்தபட்சம் மோசமான ஒரு வழியாவது கைவசம் இருக்கும், அதைச் சீராக்கலாம். சிக்கல்தன்மையில் வரைவிலக்கணங்களையாவது திரும்ப வாசிக்கலாம். இங்கே கேள்வி விளங்கும், ஒரு வரியில் இருக்கும், ஒன்றரை மணி நேரம் போகும், தாளில் ஒன்றும் இருக்காது. பிறகு பக்கத்துக் கதிரையில் இருப்பவர், பெரும்பாலும் கணித ஒலிம்பியாட் போட்டிப் பயிற்சி பெற்ற கொழும்புப் பிள்ளை, மூன்று வரியில் முடித்துவிடும். அந்தக் கணத்தில் "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டாமல் இருப்பதுதான் இந்த அறையின் நுழைவுக் கட்டணம். அந்தப் பிள்ளை அதே மாதிரிக் கேள்வியை முன்பே பத்துத் தடவை பார்த்திருக்கும், அவ்வளவே.

தொடர்ச்சி. கொப்பியும் பேனையும். மின்சாரம் நின்றாலும் நடக்கும். நிறுவலைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சிறிய எண்களுக்கு எழுதிப் பார்த்து உங்களை நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | அல்கோரிதம் | சிக்கல்தன்மை | சேர்மானவியல் |
|---|---|---|---|
| முன்னறிவு | கொஞ்சம் நிரலாக்கம், தொகுத்தறி | டியூரிங் இயந்திரம், உருமாற்றம் | இணைந்த கணிதம் |
| ஐந்தாம் நாள் மாலை | பயன்படுத்தக்கூடிய நாலைந்து உத்திகள் | பெரிய கேள்வியின் வாசல் | சொந்தமாக எழுதிய சில நிறுவல்கள் |
| திணறும் விதம் | தெரியும், நிறுவ வராது | கேள்வியே விளங்காது | விளங்கும், தொடங்க வராது |
| மறைந்த செலவு | நிரலாளர் கர்வம் | முதல் இரண்டு நாள், ஆங்கிலம் | ஒப்பிட்டு மனம் சோர்வது |
| ஊரில் தொடர்வது | சுலபம் | துணை வேண்டும் | கொப்பி போதும் |

## யாருக்கு எது

உப்புவெளி இளைஞருக்கு எல்லோரும் அல்கோரிதத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் அன்றாடம் பயன்படுத்தும் உத்திகளை அங்கே இன்னொரு தடவை கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவார். அவரிடம் இல்லாதது நிறுவும் பழக்கம். அதற்கு, நிரல் எழுதித் தப்பிக்க முடியாத சேர்மானவியல் அறையே நல்லது. ஆனால் ஒன்று: வேலையில் இப்போதே ஒரு குறிப்பிட்ட பிரச்சினை கழுத்தைப் பிடிக்கிறது, வழித்தடமோ நேர அட்டவணையோ என்றால், அல்கோரிதத்துக்கே போகட்டும். உண்மையான பிரச்சினையோடு வருபவருக்கு அந்த அறையைப் போல் தருவது வேறில்லை.

கிண்ணியா ஆசிரியைக்கு நான் சொன்னது சிக்கல்தன்மை. அவருக்கு நிரலாக்கம் கைவந்த கலை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "இன்னும் வேகமான கணினி வாங்கினால் முடிந்துவிடும்தானே, ரீச்சர்?" என்று கேட்கும்போது, 20க்கும் 60க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கரும்பலகையில் காட்ட இந்த ஐந்து நாள் உதவும். போவதற்கு முன் ஒரு மாதம் டியூரிங் இயந்திரத்தோடு பழகிவிட்டுப் போக வேண்டும். நேரம் கிடைக்காதென்றால் இந்த முறை வேண்டாம்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளில், நிரலாக்கப் பாடத்தில் சித்தி பெற்று, "ஏன்" என்று கேட்கத் தொடங்கியிருப்பவருக்கு அல்கோரிதம். இருவரும் ஒரே பிரிவில் விண்ணப்பித்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்து ஒரே மேசையில் உட்காரலாம்.

செயலமர்வே வேண்டாம், காணொளியில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். விரிவுரை மட்டும்தான் தேவை என்றால் அதுவே மலிவு. பின்னேரம் வினாத்தாளோடு நால்வர் உட்கார்ந்து சண்டை போடுவது காணொளியில் வராது.

## படிவத்தை அனுப்புமுன்

ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த மூன்றையும் தனித்தனித் தாளில் செய்து பாருங்கள்.

முதல் தாள்: எட்டு வள்ளங்கள். ஒரு தடவைக்கு இரண்டுதான் போட்டியிடலாம். விரைவான வள்ளம் எப்போதும் வெல்லும். முதலாவதையும் இரண்டாவதையும் கண்டுபிடிக்க 13 போட்டி எவருக்கும் போதும். ஒன்பதில் செய்யுங்கள்.

இரண்டாம் தாள்: அதே எட்டு வள்ளங்கள். முதலாவதை மட்டும் கண்டுபிடிப்பதற்கே ஆறு போட்டி ஒருபோதும் போதாது என்று நிறுவுங்கள். எந்த முறையைக் கையாண்டாலும்.

மூன்றாம் தாள்: கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு 1 முதல் 7 வரை எண் இடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி வீதம் அள்ளிக் குளிக்க 5,040 ஒழுங்குகள் உண்டு. நாளுக்கு ஒன்றாகச் செய்தால் 13 ஆண்டுக்கு மேல் ஆகும். இப்போது, அடுத்தடுத்த எண்ணுள்ள கிணறுகளை அடுத்தடுத்து அள்ளக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. 3க்குப் பிறகு 2ஓ 4ஓ வரக் கூடாது. எத்தனை ஒழுங்கு மிஞ்சும்? மூன்று கிணறு என்றால் ஒன்றும் இல்லை. நான்கு என்றால் இரண்டு. ஏழுக்கு 646. அந்த எண் எங்கிருந்து வந்தது?

விடை முக்கியமில்லை. எந்தத் தாளை மடித்து வைக்க மனம் வரவில்லை என்று பாருங்கள்.

மூதூர் மாணவிக்கு இதையே அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை ஒரு தாளின் படம் வந்தது. ஏழை விட்டுவிட்டு ஐந்து கிணறுகளுக்கு எழுதிப் பார்த்திருந்தார்: 2 4 1 3 5, 2 4 1 5 3, 2 5 3 1 4 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக 13 ஒழுங்குகள், கீழே இரட்டைக் கோடு போட்டு "13". பிழை என்று எழுதத் தொடங்கியபோதே அடுத்த செய்தி வந்துவிட்டது.

"13 இருக்க முடியாது சேர். எந்த ஒழுங்கையும் பின்னாலிருந்து வாசித்தாலும் சரியாகத்தான் இருக்கும், இரண்டும் வேறு வேறு. அப்படியென்றால் இரட்டை எண்தான் வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன், தேடுகிறேன்."